தக்காளியைத் துளைக்கும் இரண்டு புழுக்கள்: மண்டிக்காரரும் கடைக்காரரும் அறிய வேண்டியவை



புழுவைப் பற்றிய பாடத்தை விவசாயிகளுக்கு நடத்தினால் போதாதா, வணிகர் இதழில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு கோடைக்காலத்தில் செங்காய்ப் பதத்தில், பார்வைக்குப் பழுதில்லாத ஒரு லோடு தக்காளியை எங்கள் மண்டியில் முதல் ரகத்துக்கு எடுத்தேன். மூன்றாம் நாள் சில்லறைக் கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பழம் ஒழுகிக் கொண்டிருந்தது. சரக்கு கொடுத்த விவசாயியை வரவழைத்துச் சத்தம் போட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு பழத்தை எடுத்து, காம்படியில் ஒட்டியிருந்த பச்சை இதழ்களை விரலால் விலக்கிக் காட்டினார். குண்டூசி குத்தியது போல மூன்று துளைகள் இருந்தன. "எனக்கும் தெரியலைங்க முதலாளி. நீங்களும் மேலாகத்தான் பார்த்தீங்க, நானும் மேலாகத்தான் பார்த்தேன்" என்றார். அவர் சொன்னது நியாயம். நஷ்டத்தை இருவரும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொண்டோம். அன்று கற்றுக்கொண்டதையும், பிறகு வேளாண்மைத் துறையினரிடமும் விவசாயிகளிடமும் கேட்டறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வணிகருக்கு இதில் என்ன வேலை?

மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, பண இழப்பு. புழு துளைத்த பழம் தான் கெடுவதோடு பக்கத்துப் பழத்தையும் கெடுக்கும். இரண்டாவது, சட்டம். விவசாயி கையில் இருக்கும் வரை ஒருவிதம், நம் கைக்கு வந்த பின் வேறுவிதம். மூன்றாவது காரணத்தை நம்மில் பலர் அறியவில்லை. இந்தப் புழுக்களில் ஒன்று ஊர் விட்டு ஊர் போவதற்கு நம் பெட்டிகளையும் நம் லாரிகளையும் பயன்படுத்திக் கொள்கிறது. ஆகவே நோய் நாடும் வேலை வயலோடு முடிவதில்லை; மண்டி வாசலிலும் நடக்க வேண்டும்.

பழைய எதிரி: பச்சைக் காய்ப்புழு

ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா என்பது இதன் அறிவியல் பெயர். பருத்தி, துவரை, கொண்டைக்கடலை, மக்காச்சோளம், மிளகாய், வெண்டை ஆகியவற்றையும் தாக்கும். தாய் அந்துப்பூச்சி பழுப்பு மஞ்சள் நிறத்தில் தடித்த உடலோடு இருக்கும். இரவில் பறந்து வந்து இலையிலும் பூவிலும் ஒவ்வொன்றாக முட்டையிடும். ஒரு பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிட வல்லது.

புழு வளர்ந்தால் 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை நீளும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். பக்கவாட்டில் கோடுகள் ஓடும். காயில் வட்டமான பெரிய துளை போட்டு, தலையை உள்ளே விட்டு, பின்னுடலை வெளியே வைத்துக்கொண்டு தின்பது இதன் வழக்கம். ஒரு காயோடு நிற்காமல் அடுத்தடுத்த காய்களுக்குப் போகும். எனவே புழு ஒன்றானாலும் கெடும் காய்கள் பல. முற்றிய பின் செடியை விட்டு இறங்கி, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாறும்.

நமக்கு ஒரு வகையில் இது நேர்மையான எதிரி. துளை கண்ணுக்குத் தெரியும். பெட்டியைக் கொட்டியதும் பொறுக்கி எடுத்துவிடலாம்.

புதிய எதிரி: ஊசிப்புழு

டூட்டா அப்சொலூட்டா என்ற இந்தப் பூச்சியின் தாயகம் தென் அமெரிக்கா. பெரு நாட்டில் கிடைத்த பூச்சிகளைக் கொண்டு 1917-ல் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 2006-ன் இறுதியில் ஸ்பெயினில் தென்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் முழுவதும் பரவியது. இந்தியாவில் 2014-ல் மகாராஷ்டிரத்தின் புனே பகுதியில் கண்டறியப்பட்டது. பிறகு கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் என்று தக்காளி விளையும் மாநிலங்களுக்குள் விரைவில் புகுந்துவிட்டது.

அந்துப்பூச்சியின் உடல் நீளம் 5 முதல் 7 மில்லிமீட்டர்தான். வெள்ளி கலந்த சாம்பல் நிறம். முன் இறக்கைகளில் கரும்புள்ளிகள். இவ்வளவு சிறிய பூச்சி கடல் கடந்து பறந்து வந்திருக்க முடியாது. பழத்தோடும் நாற்றோடும் பெட்டியோடும் பயணம் செய்தே நாடுகளைக் கடந்தது என்பது பூச்சியியலார் கருத்து.

ஒரு பெண் பூச்சி 260 முட்டைகள் வரை இடும். சுமார் 27 டிகிரி வெப்பத்தில் முட்டை முதல் பூச்சி வரை 24 நாட்களில் முடிந்துவிடும். நம் தட்பவெப்பத்தில் ஆண்டுக்கு 10 தலைமுறைக்கு மேலும் வரலாம். மழை குறைந்து வெயில் ஏறும் மாதங்களில் பெருக்கம் அதிகம்.

புழு முழு வளர்ச்சியிலும் 8 மில்லிமீட்டரைத் தாண்டாது. முதலில் இலைக்குள் புகுந்து, மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் நடுவே உள்ள பச்சையைத் தின்னும். அப்போது இலையில் காகிதம் போல வெளுத்த திட்டுகள் தோன்றும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே கறுப்பு எச்சம் தெரியும். பிறகு குருத்து, காய், பழம் என்று எதையும் விடாது. காயில் பெரும்பாலும் காம்படியில், பச்சை இதழ்களுக்கு அடியில் நுழையும். கட்டுப்படுத்தாமல் விட்டால் 80 முதல் 100 சதவீதம் வரை மகசூல் போகக்கூடும்.

அதன் வேகத்துக்கு ஒரு சான்று கூறலாம். 2016 மே மாதம் நைஜீரியாவின் கடுனா மாநிலம், இந்த ஒரு புழுவுக்காகவே தக்காளி விவசாயத்தில் அவசர நிலையை அறிவித்தது. கூடை விலை சில வாரங்களில் பல மடங்கு ஏறியது. கானோ நகருக்கு அருகே அதே ஆண்டில் தொடங்கப்பட்ட பெரிய தக்காளி விழுது ஆலை, காய் கிடைக்காமல் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. விலை ஏறினால் வியாபாரிக்கு லாபம் என்று எண்ண வேண்டாம். வரத்தே இல்லாத விலையால் யாருக்கும் பயனில்லை.

மண்டியில் கண்டுபிடிப்பது எப்படி?

பழத்தின் கன்னத்தில் பென்சில் நுழையும் அளவுக்கு வட்டத் துளையும் ஈரமான எச்சமும் இருந்தால் அது பச்சைக் காய்ப்புழு. காம்படியில் ஊசிமுனைத் துளைகளும், அவற்றின் வாயில் கறுப்புத் தூளும் இருந்தால் ஊசிப்புழு. ஒரே பழத்தில் பல ஊசித் துளைகள் இருக்கலாம். சந்தேகமானால் பழத்தைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெள்ளை, பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் சிறு புழுவோ அதன் பாதையோ தெரியும்.

புழு அல்லாத பழுதையும் அறிய வேண்டும். இல்லையேல் விவசாயிக்கு அநியாயமாகக் கழிவு போட்டுவிடுவோம். பழத்தின் அடிப்பக்கம் கறுத்துத் தட்டையாக அமுங்கி, துளையே இல்லாமல் இருந்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறையாலும் நீர் ஒழுங்கின்மையாலும் வருவது. காம்பைச் சுற்றிய வெடிப்பு, காய்ச்சலுக்குப் பின் திடீரென மழையோ பாய்ச்சலோ கிடைத்ததால் வருவது. ஒழுங்கற்ற கிழிசல் பறவை கொத்தியதாக இருக்கலாம். மேல்தோல் மட்டும் சுரண்டப்பட்டு ஆழமில்லாமல் இருந்தால் வெட்டுப்புழுவின் வேலையாக இருக்கலாம்.

லோடு முழுவதையும் பார்க்க நேரமில்லை என்பது உண்மை. அதற்கு ஓர் எளிய முறை உண்டு. முன், பின், நடு, மேல், அடி என்று ஐந்து இடங்களிலிருந்து ஐந்து பெட்டிகளை எடுங்கள். பெட்டிக்கு 20 பழம் வீதம், பொறுக்காமல் கைக்கு வந்ததை எடுத்தால் மொத்தம் 100 பழம். காம்படியை விலக்கிப் பார்த்துத் துளையுள்ளதை எண்ணுங்கள். அந்த எண்ணே சதவீதம். விவசாயியையோ அவர் ஆளையோ பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எண்ணுவது நல்லது. பெரிய துளை எத்தனை, ஊசித் துளை எத்தனை என்று சிட்டையில் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். "புழு, கழிவு" என்று ஒற்றை வார்த்தையில் எழுதும் சிட்டையால் சண்டைதான் வளரும். எந்தப் புழு, எவ்வளவு என்று எழுதிய சிட்டையைக் கொண்டுபோய் விவசாயி தம் வயலைத் திருத்திக்கொள்ள முடியும்.

இருப்பில் நடப்பது என்ன?

15 கிலோ பெட்டியில் நடுத்தர அளவுப் பழம் ஏறக்குறைய 225 இருக்கும். அதில் 5 சதவீதம் துளை என்றால் 11 பழம். "11 பழம்தானே" என்று அடுக்கிவிடுகிறோம். துளை வழியே அழுகல் கிருமி புகுந்து பழம் இளகும். சாறு வழிந்து கீழே உள்ள பழங்களை நனைக்கும்; ஈ மொய்க்கும். துளையுள்ள ஒவ்வொரு பழமும் இரண்டு பழங்களைக் கெடுத்தால் மொத்தம் 33 பழம், அதாவது பெட்டிக்கு இரண்டு கிலோவுக்கு மேல். 300 பெட்டி லோடில் 600 கிலோவைத் தாண்டும். இது விளக்கத்துக்காகப் போட்ட கணக்குதான் என்றாலும், வெயில் காலத்தில் இரண்டு நாள் வைத்திருந்த எவரும் இதை மறுக்கமாட்டார்.

எனவே துளைப் பழத்தை வந்த அன்றே பிரித்துவிட வேண்டும். பெரிய துளை கண்ட பழத்தைக் கழித்துவிடுங்கள். ஊசித் துளை அதிகமுள்ள சரக்கை வெளியூருக்கு ஏற்றாதீர்கள். அது வழியிலேயே இளகும், புழுவும் கூடவே போகும். செங்காயாக இருந்தால் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஊசிப்புழு பச்சைக் காயிலேயே புகுந்துவிடுவதால், பழுக்கும்போதுதான் சேதம் வெளியே தெரியும்.

சட்டம் சொல்வது

2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில், பாதுகாப்பற்ற உணவு எது என்ற விளக்கத்தில் புழு பூச்சி தாக்கிய உணவும் சேர்க்கப்பட்டுள்ளது. அதே சட்டம், விளைபொருள் இயற்கை வடிவில் விவசாயி அல்லாத ஒருவர் கையில் இருக்கும்போது அதை உணவாகவே கருதுகிறது. அதாவது வயலில் விவசாயி கையில் உள்ள தக்காளியை இந்தச் சட்டம் பிடிக்காது. நம் மண்டிக்கோ கடைக்கோ வந்த பிறகு பிடிக்கும். புழு மனிதருக்கு விஷம் அல்ல என்பது வேறு விஷயம். தெரியாமல் விற்றேன் என்ற பதிலை வாடிக்கையாளரும் ஏற்கமாட்டார், அதிகாரியும் ஏற்கமாட்டார்.

நம் பெட்டியே வாகனம் ஆகாமல் இருக்க

ஊசிப்புழு முற்றியதும் பழத்தை விட்டு வெளியே வந்து, மண்ணிலோ இலையிலோ பெட்டியின் மூலைமுடுக்கிலோ கூட்டுப்புழுவாகும். நாம் காலிப் பெட்டியை அப்படியே அடுத்த ஊர் விவசாயிக்கு அனுப்புகிறோம். அவர் அதை வயல் வரப்பில் அடுக்கி வைக்கிறார். பூச்சி வெளியே வந்தால், பத்தடியில் தக்காளிச் செடி. பலமனேர் பெட்டி பாலக்கோட்டுக்கும், கோலார் பெட்டி ஒட்டன்சத்திரத்துக்கும் போய்வரும் வியாபாரத்தில் இது சிறு விஷயமல்ல. அந்த விவசாயிக்கு முன்பணம் கொடுத்திருப்பவரும் நாமாகத்தான் இருப்போம். அவர் வயல் போனால் நம் பணமும் போகிறது. ஆகவே பின்வருவனவற்றைப் பழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.

காலிப் பெட்டிகளில் இலை, காம்பு, நசுங்கிய பழம் எதுவும் ஒட்டாமல் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பின்பே அனுப்புங்கள். அட்டைப்பெட்டியையும் வைக்கோலையும் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். கழிவுப் பழத்தை மண்டிக்குப் பின்புறம் குவித்து வைப்பது இரண்டு புழுக்களுக்கும் நாமே விடுதி கட்டிக் கொடுப்பதற்குச் சமம். அன்றைய கழிவை அன்றே ஆழக் குழியில் போட்டு மண் மூடுங்கள். இடமில்லாதவர்கள் கனமான பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, வெயிலில் சில நாட்கள் வைத்து அப்புறப்படுத்தலாம். கழிவைத் திரும்ப விவசாயியின் வண்டியிலேயே ஏற்றி விடாதீர்கள்.

ஊசிப்புழுவுக்கான இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றைச் சரக்கு இறங்கும் இடத்தில் தொங்கவிடுங்கள். ஆண் பூச்சி விழுவதைக் கொண்டு, வந்த சரக்கில் புழு இருந்திருக்கிறது என்று முன்கூட்டியே அறியலாம். பொறி விற்கும் வணிக நண்பர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பச்சைக் காய்ப்புழுவின் கவர்ச்சிக் குப்பிக்கு ஊசிப்புழு வராது. அதன் குப்பிக்கு இது வராது. எந்தப் புழு என்று கேட்டறிந்து கொடுங்கள்.

விவசாயிக்கு நாம் சொல்லக்கூடியவை

முன்பணம் கொடுக்கும்போது நான்கு வார்த்தை சேர்த்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

பச்சைக் காய்ப்புழுவுக்குச் செண்டுமல்லி நல்ல பொறிப்பயிர். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறை இது. 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை உயரமான செண்டுமல்லி. தக்காளி நாற்று 25 நாள் வயதிலும், செண்டுமல்லி நாற்று 40 முதல் 45 நாள் வயதிலும் இருக்குமாறு ஒரே சமயத்தில் நட வேண்டும். அப்போது இரண்டும் சேர்ந்து பூக்கும். பூச்சி செண்டுமல்லியை நாடி முட்டையிடும். பூவும் காசாகும்.

இனக்கவர்ச்சிப் பொறி எக்டேருக்கு 12 வைக்கலாம். பூக்கும் தருணத்திலிருந்து டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டைகளை வாரம் ஒருமுறை கட்டலாம். என்.பி.வி. எனப்படும் நச்சுயிரிக் கரைசலை வெல்லம் கலந்து மாலை நேரத்தில் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் அதன் வீரியம் கெடும். துளைபட்ட காயையும் பெரிய புழுவையும் கையால் பொறுக்கி அழிப்பது செலவில்லாத வைத்தியம்.

ஊசிப்புழுவுக்கு நாற்றிலிருந்தே கவனம் தேவை. வலைக்குள் வளர்ந்த, இலையில் வெள்ளைத் திட்டு இல்லாத நாற்றையே வாங்க வேண்டும். திட்டு விழுந்த இலைகளை ஆரம்பத்திலேயே கிள்ளி எரிக்க வேண்டும். அறுவடை முடிந்த செடிகளை வயலில் நிற்கவிடாமல் பிடுங்கி அழித்து, ஆழ உழ வேண்டும். தக்காளிக்குப் பின் தக்காளியோ கத்தரியோ உருளையோ வைக்காமல், வெங்காயம் போன்ற வேறு குடும்பப் பயிருக்கு மாறுவது நல்லது. வரப்பில் தானாக முளைக்கும் மணத்தக்காளியும் இந்தப் புழுவுக்கு உணவு என்பதை மறக்கக்கூடாது.

மருந்து பற்றி ஓர் எச்சரிக்கை

புழு துளைக்குள் போன பிறகு மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் தொடாது. இதை உணராமல் அறுவடைக்கு இரண்டு நாள் முன்பு வரை அடித்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. செலவு விவசாயிக்கு, எஞ்சிய நஞ்சு வாடிக்கையாளருக்கு. மேலும், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு பழகிவிடும். 1987-ல் கடலோர ஆந்திரத்துப் பருத்தியில் பச்சைக் காய்ப்புழு செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளுக்கு அடங்காமல் போய், விவசாயிகள் பெரும் துயரப்பட்டதை மூத்த வணிகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

மருந்துக் கடை வைத்திருக்கும் நண்பர்கள், தக்காளிக்கு அனுமதி பெற்ற மருந்தை மட்டும் கொடுங்கள். மோனோகுரோட்டோபாஸ் காய்கறிகளுக்கு 2005 முதலே தடை செய்யப்பட்டது. எண்டோசல்ஃபான் 2011-ல் உச்ச நீதிமன்ற ஆணையால் நிறுத்தப்பட்டது. பழைய பழக்கத்தில் கேட்டு வருபவருக்கு இல்லை என்று சொல்லுங்கள். தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள் மருந்துச் சீட்டில் அச்சாகியிருக்கும். பில் போடும்போது அதை வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். மண்டிக்காரர்களும் கொள்முதலின்போது கடைசி மருந்து என்று அடித்தார்கள் எனக் கேட்டு எழுதிக்கொள்வது நலம்.

நினைவில் கொள்ள

1. கன்னத்தில் பெரிய துளை என்றால் பச்சைக் காய்ப்புழு. காம்படியில் ஊசித் துளை என்றால் ஊசிப்புழு.

2. காம்படி இதழை விலக்கிப் பார்க்காமல் ரகம் பிரிக்காதீர்கள்.

3. ஐந்து பெட்டி, 100 பழம், விவசாயி முன்னிலையில் எண்ணிக்கை, விவரமான சிட்டை.

4. துளைப் பழத்தை அன்றே பிரியுங்கள். கழிவை அன்றே மூடுங்கள்.

5. கழுவிக் காயவைக்காத காலிப் பெட்டியை எந்த ஊருக்கும் அனுப்பாதீர்கள்.

இவற்றில் ஐந்தாவது ஒருவர் மட்டும் செய்து பயன் தராது. ஒரு மண்டி கழுவி அனுப்பி, பக்கத்து மண்டி கழுவாமல் அனுப்பினால் புழுவுக்கு வழி திறந்தே இருக்கும். எனவே பெட்டி கழுவுவதற்கென்று சந்தைக்குள் பொதுத் தொட்டியும் தண்ணீர் வசதியும் ஏற்படுத்துவதைச் சங்கக் கிளைகள் தங்கள் அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுக்க வேண்டுகிறேன். எங்கள் சந்தையில் நான்கு மண்டிக்காரர்கள் சேர்ந்து ஒரு தொட்டி கட்டியிருக்கிறோம். அன்று காம்படியை விலக்கிக் காட்டிய விவசாயி இன்றும் எங்களுக்குத்தான் சரக்கு கொடுக்கிறார். கழுவிய பெட்டிதானா என்று கேட்ட பிறகே அவர் வாங்கிப் போகிறார்.